கரண்ட் வந்ததும் முதலில் எழுந்திருப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் கோத்தகிரி வாசகர் ஒருவர், "மழை பெய்தால் போதும், வைஃபை படுத்துவிடுகிறது. மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் மட்டமான லைனைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். அவர் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதி தப்பான ஆள் மேல் பாய்கிறது. போன ஜூலை முழுக்க நானும் அந்த ஆள் மேல்தான் பாய்ந்துகொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன்.

நான் 1982-ல் குன்னூர் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். காதில் ஹெட்செட், கையில் இணைப்பு வயர், எதிரே ஓட்டை ஓட்டையாகப் பலகை. ட்ரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, புக் செய்தால் டிக்கெட் எழுதி, நேரம் குறித்து, வரிசைப்படி இணைப்போம். ஆர்டினரி, அர்ஜன்ட், லைட்னிங் என்று மூன்று வகை. யாரை எந்த லைனில் போடுவது என்பது எங்கள் கையில் இருந்தது. சந்தாதாரருக்கு அதில் பேச்சே கிடையாது. இந்தப் பழக்கம்தான் வைஃபை விஷயத்தில் என்னை ஒரு மாதம் சுற்றவிட்டது. காரணம் கீழே வருகிறது.

எங்கள் வீடு மேல் குன்னூரில், மாமனார் காலத்தில் வாங்கிய பழைய வீடு. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், மேலே தகரம், தகரத்துக்குக் கீழே பலகை மச்சு. சரிவில் கட்டியதால் முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஐந்து படி இறங்க வேண்டும். ஒரே ரூட்டர் இருந்த காலத்தில் பின்னறையில் சிக்னல் என்பதே கிடையாது. மருமகள் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்ததும் மகன் ஒரு மெஷ் செட், அதாவது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரூட்டர் பெட்டிகள், வாங்கிப் போட்டான். மூன்று பெட்டிகள். முன்னறையில் தாய்ப் பெட்டி, சமையலறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று. வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம் தென்மேற்குப் பருவமழை வந்தது. மருமகளின் வீடியோ மீட்டிங்கில் முகங்கள் உறைந்து நின்றன. பேரன் பாடம் பார்க்கும்போது அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனில் வேகம் பார்த்தால் 15, 18, நல்ல நேரத்தில் 25 எம்பிபிஎஸ். நாங்கள் கட்டுவதோ 100-க்கு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். "மேடம், உங்க வீட்டுல டிவைஸ் அதிகம், 300 பிளானுக்கு மாறிடுங்க" என்றாள் அந்தப் பெண். மாறினோம், மாதம் 300 ரூபாய் கூடுதல். போனில் வேகம் அதே 18. திரும்பப் போன் போட்டேன். லைனில் கோளாறு இருக்கலாம், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஆள் வருவதாகச் சொன்ன சாயந்திரம் எங்கள் தெரு முனையில் காட்டெருமை மூன்று நின்றுகொண்டிருந்ததால் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் வந்த தம்பி கெட்டிக்காரர். மருமகளின் லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேராகத் தாய்ப் பெட்டியில் செருகினார். 280-க்கு மேல் வந்தது. "அம்மா, எங்க லைன் சுத்தம். உங்க வைஃபைதான் ஏதோ பண்ணுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வைஃபை என்ன பண்ணுகிறது என்று பார்ப்பது அவர் வேலையில்லையாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அன்று ராத்திரி என் போனில் வைஃபை செட்டிங்கைத் திறந்து, இணைப்பின் பெயரைத் தொட்டு, உள்ளே போய்ப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இது இருக்கிறது. 'அலைவரிசை: 2.4 கிகாஹெர்ட்ஸ். லிங்க் ஸ்பீடு: 72 எம்பிபிஎஸ்'. லிங்க் ஸ்பீடு என்பது போனுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இணைப்பின் வேகம். பெட்டி இருப்பது நான் நின்ற இடத்திலிருந்து நாலு அடியில். சமையலறை ஷெல்ஃபில், புளி ஜாடிக்குப் பக்கத்தில்.

அந்த 72 என்ற எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வைஃபைக்குப் பெரும்பாலான வீடுகளில் இரண்டு பாதை. 2.4 என்பது பழைய, குறுகலான பாதை. 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 83.5 தான். ஒன்றோடொன்று மோதாமல் 1, 6, 11 என்று மூன்றே சேனல்களுக்குத்தான் இடம். அதில்தான் ப்ளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும், அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்களும். சரிவில் வீட்டுக்கு மேல் வீடாக இருக்கும் எங்கள் தெருவில், என் ஜன்னலோரம் நின்று தேடினால் 14 வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன. அந்தப் பாதையில் ஒற்றை ஆன்டெனாவோடு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் போகும் என் போன் மாதிரிப் போனுக்குக் காகிதத்தில் கிடைப்பதே 72. கையில் கிடைப்பது அதில் பாதியோ கால்வாசியோ. 5 கிகாஹெர்ட்ஸ் பாதை அகலமானது. 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதே ஒற்றை ஆன்டெனாப் போனுக்கு லிங்க் ஸ்பீடு 433 காட்டும், இரட்டை ஆன்டெனாவுக்கு 866. ஆக, 72 என்று பார்த்தால் நீங்கள் சந்துக்குள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பிளானை எவ்வளவு ஏற்றினாலும் சந்து அகலமாகாது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த 5 வேறு, மொபைல் டவர் 5ஜி வேறு. பக்கத்து வீட்டு அக்கா தன் ரூட்டரில் 5ஜி என்று முடியும் பெயரைத் தொடவே மாட்டேன் என்று ஒரு வருடம் இருந்திருக்கிறார். "நமக்குத்தான் 5ஜி டவர் இல்லையே, அதைத் தொட்டா காசு புடிச்சுடுவான்" என்று ஒரே பிடிவாதம். காசெல்லாம் பிடிக்காது, அக்கா. அது உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுவது.

சரி, நாலு அடியில் பெட்டி இருக்கும்போது போன் ஏன் சந்தில் போய் நிற்கிறது? பெட்டிதானே ஆபரேட்டர், அது ஏன் அகலப் பாதையில் தூக்கிப் போடவில்லை? இந்த இடத்தில்தான் என் 37 வருட அனுபவம் எனக்கு எதிராக வேலை செய்தது. வைஃபையில் ஆபரேட்டருக்கு அதிகாரம் கிடையாது. எந்தப் பெட்டி, எந்தப் பாதை என்று முடிவெடுப்பது போன்தான், சந்தாதாரர்தான். பெட்டி 'அந்தப் பக்கம் போனால் நல்லது' என்று வேண்டுகோள் வைக்கலாம். அதற்கு 802.11வி என்று ஒரு விதிமுறையே இருக்கிறது. போன் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். பழைய சாதனங்களுக்கு அந்த வேண்டுகோளே புரியாது. கையில் உள்ள சிக்னல் சுமாராக இருக்கும்வரை போன் வேறு எதையும் தேடாது. ஐபோன், கையிலுள்ள சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்-க்குக் கீழே போனால்தான் அடுத்த இடம் தேடும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. இந்த மைனஸ் கணக்கில் சைபருக்குக் கிட்ட வரவர சிக்னல் பலம். என் சமையலறையில் 2.4 மைனஸ் 52-ல் வருகிறது. போன் எதற்கு அசையப் போகிறது?

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி நின்றது. முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்ததே? மழை வந்ததும் ஏன் எல்லாம் சந்துக்குள் போயின?

மூடுபனியால் என்றார் என் கணவர். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். அறைக்குள் பத்தடி போகிற சிக்னலை மூடுபனி ஒன்றும் செய்யாது. ஆனால் மழைக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. மழை என்றால் காற்று, காற்று என்றால் மரம் சாய்வது, மரம் சாய்ந்தால் கரண்ட் போவது. ஜூலையில் ஒரே நாளில் ஏழு தடவை போன நாளும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய ட்ரங்க் டிக்கெட் மாதிரி நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாதனம், நேரம், பாதை என்று மூன்று பத்தி. எங்கள் வீட்டில் வைஃபையில் தொங்குவது மொத்தம் 13. அதில் நாலுக்கு 5 என்பதே தெரியாது. பிரிண்டர், வாசல் கேமரா, கீசரின் ஸ்மார்ட் ப்ளக், என் கணவரின் பழைய போன். மீதி 9-க்கு இரண்டும் தெரியும். மெயின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டேன். போனில் வைஃபை அனலைசர் செயலி திறந்திருந்தது. அதில் நம் வீட்டுப் பெயர் 2.4-க்கு ஒரு வரி, 5-க்கு ஒரு வரி என்று தனித்தனியாகத் தெரியும்.

கரண்ட் வந்து ஒரு நிமிடம் பத்து விநாடியில் 2.4 வரி வந்துவிட்டது. 5 வரியைக் காணவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் இருபத்தைந்து விநாடிக்குப் பக்கத்தில்தான் அது வந்தது. அதற்குள் 13 சாதனங்களும் சந்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டன. மறுநாள் காலை ரூட்டர் செயலியில் பார்த்தேன். 5 தெரிந்த ஒன்பதில் ஏழு இன்னும் அங்கேயே. மாறியிருந்தவை இரண்டே போன்கள். ஒன்று மருமகளுடையது, இன்னொன்று மகனுடையது. இரண்டு பேரும் சாயந்திரம் மார்க்கெட் போய்த் திரும்பியிருந்தார்கள். வெளியே போய் இணைப்பு அறுந்து திரும்பி வந்ததால் புதிதாகத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. வீட்டோடு கிடந்தவை கிடந்த இடத்திலேயே.

அந்த ஒரு நிமிடத் தாமதம் எதற்கு என்று தேடினேன். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. அந்தச் சேனலில் பேசுவதற்கு முன் பெட்டி குறைந்தது 60 விநாடி வாயை மூடிக்கொண்டு, ரேடார் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். இடையில் ரேடார் கேட்டால் உடனே காலி செய்து வேறு சேனலுக்குப் போக வேண்டும். எங்கள் பெட்டி 'ஆட்டோ'வில் இருந்தது, தானாகப் போய் 100-ம் சேனலில் உட்கார்ந்திருந்தது. 36 முதல் 48 வரை உள்ள சேனல்களில் இந்தக் காத்திருப்பு கிடையாது.

இப்போது கோத்தகிரி வாசகருக்குப் புரிந்திருக்கும். மழை, கரண்ட் கட், பெட்டி மறுபடி எழுவது, 2.4 முதலில் கண் விழிப்பது, வீடே அதன் மேல் ஏறிக்கொள்வது. சமவெளியில் எப்போதாவது நடப்பது நமக்கு மழைக்காலத்தில் ஒரே நாளில் ஏழு முறைகூட நடக்கும்.

சேனலை 36-க்கு மாற்றினேன். மெஷ் செயலியில் அதற்கு இடமே இல்லை. பிரவுசரில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் போனபோதுதான் கிடைத்தது. இதை மாற்றவே விடாத மெஷ் பெட்டிகளும் உண்டு என்பதால் வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. அதே பக்கத்தில் 2.4-ன் பவரை 'ஹை'யிலிருந்து 'மீடியம்' ஆக்கினேன். ஒரே பலத்தில் அனுப்பினாலும் 2.4 சிக்னல் 5-ஐ விட ஏழு டெசிபல் போல உரக்கக் கேட்கும், அதுவும் திறந்த வெளியில். நடுவில் கருங்கல் சுவர் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். போன் உரக்கக் கேட்கும் குரலைத்தானே நம்புகிறது? அந்தக் குரலைக் கொஞ்சம் தணித்தால் மற்றது காதில் விழும். மறுபடி மெயின் சுவிட்ச், மறுபடி நோட்டு. இரண்டு வரிகளும் சில விநாடி இடைவெளியில் வந்தன. ஒன்பதில் ஏழு 5-ல் ஏறின.

மிச்சம் இரண்டு, டிவியும் மருமகளின் ஆபீஸ் லேப்டாப்பும். லேப்டாப்புக்கு வழி எளிது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், அட்வான்ஸ்டு, அதில் 'ப்ரிஃபர்டு பேண்ட்' என்று ஒரு வரி இருந்தது. பேண்ட் என்றால் நான் சொன்ன பாதைதான். 5-ஐ விரும்பு என்று மாற்றியதும் வந்துவிட்டது. "அத்தை, இதையெல்லாம் எங்க ஐடி டீம்கூட சொல்லலை" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

டிவி கதை வேறு, அதுதான் எனக்குப் பிடித்த கதையும்கூட. பின்னறையில், கிளைப் பெட்டிக்கு எதிரிலேயே இருக்கிறது. ஒரு தடவை இணைப்பை 'மற' என்று கொடுத்துத் திரும்பச் சேர்த்ததும் 5-க்கு வந்துவிட்டது. செயலியும் 5 என்றே காட்டியது. வேகம் மட்டும் 20-ஐத் தாண்டவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், டிவி பெட்டியோடு 5-ல்தான் பேசுகிறது, அந்தப் பெட்டி தாய்ப் பெட்டியோடு 2.4-ல் பேசிக்கொண்டிருக்கிறது! நடுவில் இரண்டு கருங்கல் சுவர், ஐந்து படி இறக்கம். போனுக்கு வந்த அதே நோய் பெட்டிக்கே வந்திருந்தது. வாசல் அகலமாக இருந்து என்ன, தெரு சந்தாக இருக்கிறதே.

இதற்கு செட்டிங்கில் மருந்து இல்லை. கேபிள்தான். எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்த லைன்மேன் அண்ணன், எழுபது வயதிலும் ஏணி ஏறுகிறார். தகரத்துக்கும் பலகை மச்சுக்கும் நடுவே ஊர்ந்து போய், எலி கடிக்காமல் இருக்க பிவிசி பைப்புக்குள் விட்டு, 18 மீட்டர் கேட்-6 கேபிளை இழுத்துக் கொடுத்தார். இறங்கும்போது தலையெல்லாம் ஒட்டடை. வந்தவர் சும்மா இருக்காமல் வாசலில் ஃபைபர் வயர் உள்ளே நுழையும் இடத்தையும் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். வயர் மேலிருந்து நேராக ஓட்டைக்குள் இறங்கியது. "இப்படி விட்டா மழைத்தண்ணி வயரைப் புடிச்சுக்கிட்டே உள்ள வரும்மா" என்று ஓட்டைக்கு வெளியே ஒரு சாண் தொங்கலாக வளைத்துக் கட்டினார். தண்ணீர் இப்போது அந்த வளைவின் அடியில் வந்து சொட்டுகிறது. கேபிள் வந்ததும் பின்னறையின் 20 எம்பிபிஎஸ் 200-ஐத் தாண்டியது. அடுத்த மாதமே 100 பிளானுக்குத் திரும்பிவிட்டோம், எங்களுக்கு அது தாராளம்.

நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கோபத்தில் 2.4-ஐ முழுக்க அணைத்தேன். பிரிண்டர், கேமரா, ப்ளக் எல்லாம் செத்தன. கணவரின் போனும் போய்விட, நியூஸ் பார்க்க முடியாமல் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்னொரு நாள் 5-க்குத் தனிப் பெயர் வைத்தேன். இதைத்தான் பல பேர் முதல் வைத்தியமாகச் சொல்கிறார்கள். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவிக்கு அது சரி. கையோடு நடக்கும் போனுக்குச் சரிப்படவில்லை. குளியலறைப் பக்கம் கல் சுவருக்குப் பின்னால் 5 எட்டவில்லை, 2.4 பெயரோ போனில் சேர்த்திருக்கவில்லை, பேச்சு பாதியில் அறுந்தது. மறுபடி ஒரே பெயராக்கிவிட்டேன். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியின் வைஃபையும் பழைய பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தேன். இரண்டு போன்கள் அவ்வப்போது அதில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அதை அணைத்தாயிற்று.

பெட்டிகள் அணையாமலே இருந்தால் இந்தப் பாடே இல்லை என்பதால் நிறுவனப் பெட்டிக்கும் தாய்ப் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்தோம். அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும்.

லைனே கோளாறாக இருப்பதும் உண்டு, மறுக்கவில்லை. மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் நிறுவனப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரியும், இணையம் அடியோடு இருக்காது. அப்போது தயங்காமல் அவர்களைத் திட்டலாம். சிவப்பு இல்லாமல், இணையமும் இருந்து, வேகம் மட்டும் இழுத்தால் முதலில் போனில் அந்த 72 இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனின் வைஃபை செட்டிங்கில் அது தெரியாது, ரூட்டர் செயலியில் பார்க்கலாம்.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றுதான். வேகம் இல்லை என்று மலையிலிருந்து ஒருவர் போன் செய்தால், பெரிய பிளானைச் சொல்வதற்கு முன் "எந்த பேண்டில் இருக்கிறீர்கள், கடைசியாகக் கரண்ட் எப்போது போனது" என்று கேட்கச் சொல்லுங்கள். பெட்டி மாட்ட வரும் தம்பிகள் போவதற்கு முன் ஒரு தடவை சுவிட்சை அணைத்துப் போட்டு, எல்லாம் எங்கே ஏறுகின்றன என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டட்டும். மூன்று நிமிடம் ஆகும். என்னிடம் இரண்டு மாதம் வாங்கிய கூடுதல் 600 ரூபாயை நான் திருப்பிக் கேட்கவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதென்றால் காட்டெருமையை வெட்டுங்கள், 36-ஐயும் 72-ஐயும் வெட்ட வேண்டாம். என் பெயரைப் போடாதீர்கள். எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே மூன்று வீட்டு ரூட்டர்கள் என் சமையலறை மேசைக்கு வந்துவிட்டன, புளி ஜாடி வைக்க இடமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
மேல் குன்னூர், நீலகிரி.